இரண்டு இடத்தில் கட்டி: தனித்தனிப் புற்றுநோய்களா, ஒன்றின் பரவலா? பெண் இனப்பெருக்க உறுப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

கருப்பை உள்படலத்தில் ஒரு புற்றுநோய், அதே பெண்ணின் சினைப்பையில் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக எழுந்தவை என்றால் ஒவ்வொன்றும் முதல் நிலையாக இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பரவியது என்றால் அதே நோயாளி மூன்றாம் நிலைக்குப் போய்விடுவார். கீமோ உண்டா இல்லையா, கதிர்வீச்சு எவ்வளவு, குடும்பத்தாருக்கு மரபணுச் சோதனை தேவையா என்பதெல்லாம் இந்த ஒரு தீர்மானத்தில் தொங்குகிறது.

நோய்க்குறியியல் பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே தடுமாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அறிவுக் குறைவால் தடுமாறுபவர் குறைவு. வரிசை தப்புவதால்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். ஸ்லைடைப் பார்த்த உடனே பத்து இம்யூனோ சாயங்கள் (குறிப்பிட்ட புரதம் செல்லில் இருக்கிறதா என்று காட்டுபவை) கேட்பார்கள். அவை ஒன்றுக்கொன்று முரணாக வந்து நிற்கும். அப்புறம் எதை நம்புவது என்று தெரியாது. கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோயாளியின் வயது, மாதவிடாய் நிலை, ரத்தப்போக்கு எப்போது தொடங்கியது, குடும்பத்தில் பெருங்குடல், கருப்பை, சினைப்பை, மார்பகப் புற்றுநோய் யாருக்கு எந்த வயதில் வந்தது, இவருக்கே முன்பு புற்றுநோய் வந்து டமாக்சிஃபென் அல்லது இடுப்புக் கதிர்வீச்சு பெற்றாரா என்ற விவரங்கள் வேண்டும். டமாக்சிஃபென் கருப்பை உள்படலப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டும். கதிர்வீச்சு பெற்ற இடத்தில் பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக ஒன்று முளைக்கலாம்.

அடுத்து, ஸ்கேன் படங்கள், ரத்தக் குறியீடுகள், அறுவைக் குறிப்பு. முக்கியமாக, முந்தைய பயாப்சி, கியூரெட்டேஜ் (கருப்பை உள்படலத்தைச் சுரண்டி எடுத்த திசு) எதுவாக இருந்தாலும் அதன் அறிக்கை மட்டும் போதாது. ஸ்லைடும் பிளாக்கும் (மெழுகில் பதித்த திசுத்துண்டு) வேண்டும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு முறை சினைப்பைக் கட்டி மட்டும் என்னிடம் வந்தது. எண்டோமெட்ரியாய்டு வகை (கருப்பை உள்படலச் சுரப்பிகளைப் போன்ற தோற்றம்), உறை முழுதாக இருந்தது, முதல் நிலை என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வேறிடத்தில் எடுத்த கியூரெட்டேஜ் ஸ்லைடுகள் வந்தன: கருப்பையிலும் அதே போன்ற கட்டி. முன்பே கேட்டிருந்தால் ஒரே அறிக்கையில் முடிந்திருக்கும். இப்போது விண்ணப்பப் படிவத்தில் “முந்தைய பயாப்சி” என்ற இடம் காலியாக இருந்தால் தொலைபேசியை எடுத்துவிடுகிறேன்.

1. எது “இரண்டு” என்பதை முதலில் பிரியுங்கள்

இரண்டு முதன்மைக் கட்டிகள் (தனித்தனியாக எழுந்தவை) என்று சொல்ல 1932-இல் வாரனும் கேட்ஸும் வைத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் அடித்தளம்: இரண்டுமே ஐயமின்றிப் புற்றுநோயாக இருக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறாகப் பிரித்தறியத் தக்கவையாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவல் என்ற வாய்ப்பு விலக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

அதற்குள் போகும் முன், “இரண்டு” போலத் தோன்றி ஒன்றாக இருப்பவற்றைத் தள்ளிவிடுங்கள். கார்சினோசார்கோமாவில் எபிதீலியக் (மேற்படலத் திசு) கூறும் சார்கோமாக் (இணைப்புத் திசு) கூறும் இருந்தாலும் அது ஒரே மூலத்திலிருந்து வந்த ஒரே கட்டி. ஒரே கட்டிக்குள் இரண்டு திசுவகைகள் கலந்திருந்தால் அது கலப்புப் புற்றுநோய். கருப்பைவாய்ச் செதிள் புற்றுநோய் மேற்பரப்பிலேயே ஊர்ந்து கருப்பை உள்படலம் வரை ஏறலாம், அதுவும் ஒன்றுதான். கருக்குழாய், சினைப்பை, வயிற்று உட்சவ்வு மூன்றிலும் உயர்தர (செல்கள் மிகவும் மாறி வேகமாக வளரும்) சீரஸ் வகைப் புற்றுநோய் இருந்தால் மூன்று முதன்மைகள் என்று எண்ணிவிடாதீர்கள்; பெரும்பாலானவை கருக்குழாய் நுனியில் தொடங்கிப் பரவியவை. ஃபிகோ (பன்னாட்டு மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) 2014-இல் இந்த மூன்று இடங்களையும் ஒரே நிலைப்பகுப்பில் சேர்த்ததற்கும் இதுதான் பின்னணி.

காலக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். இரண்டும் சேர்ந்து அல்லது குறுகிய இடைவெளியில் தெரிந்தால் உடன்நிகழ் புற்றுநோய். பிந்தித் தெரிந்தால் பின்நிகழ். பல ஆய்வுகளில் எல்லை 6 மாதம். அமெரிக்காவின் சீர் (SEER) புற்றுநோய்ப் பதிவேட்டு விதிகளில் 2 மாதம். எந்த எல்லையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அறிக்கையில் ஒரு சொல் குறிப்பிட்டால் பிறகு யாரும் குழம்ப மாட்டார்கள்.

2. அறுவைக்கு முன்பே இரண்டாவதைத் தேடுங்கள்

ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்துவது மனித இயல்பு. சினைப்பையில் கட்டி தெரிந்தால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகும். ரத்தப்போக்கு “கட்டியால் வந்தது” என்று ஒதுக்கப்படும். சினைப்பைக் கட்டியோடு இயல்பற்ற ரத்தப்போக்கும் இருந்தால் கருப்பை உள்படலத்திலிருந்து பயாப்சி எடுக்க வேண்டும். அதேபோல் உள்படலப் புற்றுநோய் உறுதியானவருக்கு யோனிவழி அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் இரு சினைப்பைகளையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: கருப்பை உள்படலப் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கும், சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கும் மற்ற இடத்திலும் ஒன்று இருக்கும். இளம் வயதில் உள்படலப் புற்றுநோய் வருபவர்களிடம் இந்த விகிதம் கூடுகிறது. குழந்தை வேண்டும் என்பதால் கருப்பையையும் சினைப்பையையும் விட்டுவைத்து ஹார்மோன் சிகிச்சை கேட்பவர்களும் இவர்கள்தாம். ஆகவே சினைப்பையைச் சரியாகப் பார்க்காமல் அந்தச் சிகிச்சையைத் தொடங்குவது ஆபத்து.

ரத்தக் குறியீடுகளில் சிஏ 125-ஐ மட்டும் கேட்பது வழக்கம். கூடவே சிஇஏ, சிஏ 19-9 கேளுங்கள். சிஏ 125-க்கும் சிஇஏ-வுக்கும் உள்ள விகிதம் 25-க்கு மேல் இருந்தால் சினைப்பை மூலம் என்ற பக்கம் சாயலாம். குறைவாக இருந்தால் குடல், இரைப்பை பக்கம் தேட வேண்டும். இது சாய்வு காட்டும் எண்தான், தீர்ப்பு இல்லை.

பெட்-சிடி ஸ்கேன் பற்றி ஓர் எச்சரிக்கை. மாதவிடாய் நிற்காத பெண்களில் சினைப்பையும் கருப்பை உள்படலமும் சுழற்சியின் சில நாட்களில் இயல்பாகவே ஒளிரும். ஒளிர்ந்ததை எல்லாம் இரண்டாவது கட்டி என்று எழுதாதீர்கள்.

கருப்பைவாயிலும் உள்படலத்திலும் ஒரே நாளில் திசு எடுத்தால் முதலில் கருப்பைவாய்க் கால்வாய், பிறகு உள்படலம், இரண்டும் தனித்தனிக் குப்பிகளில். ஒரே குப்பியில் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்பதை மைக்ராஸ்கோப் திருப்பிச் சொல்லாது.

3. கிராசிங் மேசையில் இழந்தால் திரும்பக் கிடைக்காது

உறுப்பை வெட்டிப் பார்த்துத் திசுத்துண்டுகளை எடுக்கும் இந்தப் படியை இளநிலையில் இருப்பவர் கையில் விட்டுவிட்டுப் போவது பொதுவான பழக்கம். முழு வேலையில் மிகவும் தீர்மானமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. எடுக்காத பிளாக்கை எந்தச் சாயமும் ஈடுசெய்யாது.

அறுவை அறையிலேயே தொடங்குங்கள். சினைப்பையை உடையாமல் முழுதாக எடுத்தார்களா, உறை உடைந்தது என்றால் அறுவைக்கு முன்பா, கையாளும்போதா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலைப்பகுப்பே இதனால் மாறும். அறுவை நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்க்கும் உறைபனி வெட்டில் “இரண்டு முதன்மையா, பரவலா” என்று கேட்டால் “புற்றுநோய் உண்டு, மூலம் முழு ஆய்வுக்குப் பிறகு” என்று பதில் சொல்லத் தயங்காதீர்கள்.

கருப்பையில் நான்கு இடங்களைத் தவறாமல் எடுங்கள்: கட்டி தசைக்குள் மிக ஆழமாகப் போன இடம் (முழுத்தடிமனில்), கட்டியில்லாத உள்படலம், கருப்பையின் கீழ்ப்பகுதி, கருப்பைவாய். கட்டியில்லாத உள்படலத்தை எடுக்க மறப்பவர்கள் அதிகம். அங்கே ஒழுங்கற்ற ஹைப்பர்பிளாசியா (புற்றுநோய்க்கு முந்தைய மிகை வளர்ச்சி) தெரிந்தால், கருப்பைக் கட்டி அதே மண்ணில் முளைத்தது என்பதற்கு அது சாட்சி.

சினைப்பையில் கட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு பிளாக். மியூசினஸ் (சளி சுரக்கும்) வகையாக, 10 செ.மீ.க்கு மேற்பட்டதாக இருந்தால் சென்டிமீட்டருக்கு இரண்டு. வெளிப்பரப்பு, ரத்தநாளங்கள் நுழையும் வாய்ப்பகுதி, கட்டியைச் சுற்றிய நீர்க்கட்டிச் சுவர் மூன்றையும் தனியாகக் குறியுங்கள். வெளிப்பரப்பிலும் வாய்ப்பகுதியிலும் கட்டி ஒட்டியிருந்தால் வெளியிலிருந்து வந்த சந்தேகம். நீர்க்கட்டிச் சுவரில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பைக்கு வெளியே உள்படலம் போன்ற திசு) இருந்தால் உள்ளேயே எழுந்த வாய்ப்பு.

கருக்குழாய் இரண்டையும் முழுமையாக எடுங்கள். விரல் போன்ற நுனிப்பகுதியை வெட்டிப் பிரித்து நெடுக்காகவும், மீதியை 2 முதல் 3 மி.மீ. இடைவெளியில் குறுக்காகவும் அடுக்கும் சீ-ஃபிம் முறைதான் இதற்கு. நுனியில் ஒளிந்திருக்கும் சில மில்லிமீட்டர் புண்தான் சில நேரம் முழுக் கதையையும் மாற்றும்.

4. ஒவ்வொரு கட்டிக்கும் தனியாகப் பெயர் வையுங்கள்

இரண்டையும் ஒப்பிடும் ஆசையை அடக்கி, முதலில் ஒவ்வொன்றையும் மற்றது இல்லாதது போலப் படியுங்கள். கருப்பைக் கட்டியின் திசுவகை, தரம், ஊடுருவல், மூடிவையுங்கள். பிறகு சினைப்பைக் கட்டி. கருப்பையில் எண்டோமெட்ரியாய்டு என்று பார்த்த கண், சினைப்பையிலும் அதையே தேடும். இந்தச் சாய்வை வெல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி, பெயரைத் தாளில் எழுதிவிட்டு அடுத்த தட்டைத் திறப்பது.

திசுவகைகள் தெளிவாக வேறுபட்டால், உதாரணமாக உள்படலத்தில் குறைந்த தர எண்டோமெட்ரியாய்டு, சினைப்பையில் தெளிசெல் வகை அல்லது உயர்தர சீரஸ் என்றால், பாதி வழக்கு முடிந்துவிட்டது. இரண்டு முதன்மைகள் என்ற பக்கம் வலுவாகச் சாயலாம். ஒரே வகை என்றால் அடுத்த படி.

5. கருப்பையும் சினைப்பையும் ஒரே எண்டோமெட்ரியாய்டு வகை: இங்கேதான் நிதானம் தேவை

மிக அதிகமாகப் பார்க்கும் ஜோடி இதுதான். நோய்க்குறியியலாளர்கள் அல்பிரைட்டும் ராத்தும் 1985-இல் கொடுத்த அடையாளங்களை அப்படியே பட்டியலாக மனப்பாடம் செய்பவர்கள் பலர். அவற்றின் காரணத்தைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் தேவையில்லை.

வெளியிலிருந்து வந்த விதைகள் பல இடத்தில் விழும். ஆகவே சினைப்பையில் பல முடிச்சுகளாகத் தெரிவது, இரு சினைப்பைகளிலும் இருப்பது, வெளிப்பரப்பில் ஒட்டியிருப்பது, சினைப்பை 5 செ.மீ.க்குக் குறைவாகவே இருப்பது எல்லாம் பரவலைச் சுட்டும். விதை வெளியேற வழியும் வேண்டும்: கருப்பைத் தசையில் ஆழமான ஊடுருவல், ரத்தநாள, நிணநாள ஊடுருவல், கருக்குழாய்க்குள் கட்டித்துண்டு. வழியும் விதையும் சேர்ந்து தெரிந்தால் பரவல் என்பது வலுக்கும்.

எதிர்ப்பக்கம்: கருப்பையில் கட்டி உள்படலத்தோடு நிற்கிறது அல்லது தசையை மேலோட்டமாகத் தொடுகிறது, நாளங்களில் எதுவும் இல்லை, பின்புலத்தில் ஒழுங்கற்ற ஹைப்பர்பிளாசியா. சினைப்பையில் ஒரு பக்கம் மட்டும், உள்ளே ஒற்றைப் பெரிய கட்டி, பக்கத்திலேயே எண்டோமெட்ரியோசிஸ், வேறெங்கும் பரவல் இல்லை. ஸ்கல்லியும் அவர் குழுவினரும் தொகுத்த அடையாளங்களின் சாரம் இதுவே. இந்த இரண்டு மண்ணும் தனித்தனியாகத் தத்தம் விளைச்சலைத் தந்திருக்கின்றன என்று பொருள்.

எல்லா அடையாளங்களுக்கும் ஒரே எடை கிடையாது. நாள ஊடுருவலையும் ஆழமான தசை ஊடுருவலையும் நான் அதிகம் நம்புவேன். எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதைக் கொஞ்சம் குறைவாக. அது பல பெண்களிடம் தற்செயலாகவும் இருக்கும். கருக்குழாய்க்குள் மிதக்கும் துண்டைக் கண்டால் அவசரப்படாதீர்கள். அறுவையின்போது கருப்பையைக் கையாளும் கருவியால் அழுத்தப்பட்டு வந்திருக்கலாம். வெட்டும் கத்தியும் இழுத்துவரலாம். குழாய்ச் சுவரில் ஒட்டி வளர்ந்திருக்கிறதா, சுற்றிலும் எதிர்வினை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, “வழி” என்ற தலைப்பில் கருப்பையின் அடையாளங்களையும் “விதை” என்ற தலைப்பில் சினைப்பையின் அடையாளங்களையும் எழுதச் சொல்வேன். பயிற்சியாளர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களே கட்டம் போடுகிறார்கள்.

6. மற்ற ஜோடிகள்

*கருப்பைவாயும் சினைப்பையும்.* ஹெச்பிவி வைரஸ் சார்ந்த கருப்பைவாய் அடினோகார்சினோமா (சுரப்பிப் புற்றுநோய்) மேலோட்டமாக இருந்தாலும் சினைப்பைக்குப் பரவக்கூடும். அங்கே பெரிய, ஒற்றை, எண்டோமெட்ரியாய்டு அல்லது மியூசினஸ் கட்டி போல வேடம் போடும். சினைப்பைக் கட்டியில் ஏராளமான செல்பிரிவும், நுனிப்பக்கம் மிதக்கும் மைட்டோசிஸும், அழியும் செல்துகள்களும் தெரிந்தால் கருப்பைவாயைப் பார்க்க வேண்டும். ஹெச்பிவி மரபுப்பொருளைத் தேடும் இன்-சிட்டு சோதனை இரண்டிலும் நேர்மறையாக வந்தால் சினைப்பைக் கட்டி பரவல்.

*கருப்பைவாயும் உள்படலமும்.* கீழ்ப்பகுதியில் கட்டி இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்போது மூலம் எது என்பதே கேள்வி. இம்யூனோ சாயங்களில் ஈஸ்ட்ரஜன் ஏற்பி, விமென்டின் இரண்டும் நேர்மறை, பி16 திட்டுத்திட்டாக: உள்படலம். பி16 தொடர்ச்சியாக அடர்த்தியாக, ஈஸ்ட்ரஜன் ஏற்பி இல்லை அல்லது மங்கல், விமென்டின் இல்லை: கருப்பைவாய். கருப்பையின் கீழ்ப்பகுதிக் கட்டிகளில் லின்ச் நோய்க்குறியை (பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் குறை) நினைவில் வையுங்கள்.

*உள்படல சீரஸும் கருக்குழாய்ப் புண்ணும்.* கருக்குழாய் நுனியில் சீரஸ் செல்கள் மேற்பரப்பில் இருந்தாலே அங்கேதான் தொடங்கியது என்று முடிவெடுக்கிறார்கள். உள்படல சீரஸ் கட்டி குழாய் வழியே வந்து அப்படி ஒட்டி, முன்நிலைப் புண் போலவே தோற்றமளிக்கும். டபிள்யூடி1 சாயம் உதவும்: கருக்குழாய், சினைப்பை உயர்தர சீரஸ் கட்டிகளில் பெரும்பாலும் பரவலாக நேர்மறை, உள்படல சீரஸில் பெரும்பாலும் இல்லை அல்லது குவியலாக மட்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆகவே இதை ஒற்றைச் சான்றாக எடுக்காதீர்கள்.

*கருப்பைவாய், யோனி, வெளிப்பிறப்புறுப்புச் செதிள் கட்டிகள்.* ஹெச்பிவி ஒரு வயலையே பாதிப்பதால் பல இடங்களில் முன்நிலைப் புண்கள் இருக்கும். கட்டி யோனியிலும் கருப்பைவாயிலும் தொடர்ச்சியாக இருந்து, கருப்பைவாயின் வெளித்துளையைத் தொட்டால் கருப்பைவாய்க் கட்டியாகவே கொள்ள வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 5 ஆண்டுக்குள் யோனியில் வந்தால் வழக்கமாக மறுவருகையாகக் கணக்கிடப்படும். வெளிப்பிறப்புறுப்பில் பி16 எதிர்மறையாக, பி53 மாறுபட்டு, பக்கத்தில் லைக்கன் ஸ்கிளரோசஸ் (நாள்பட்ட தோல் நோய்) இருந்தால் அது ஹெச்பிவி சாராத தனிப் பாதை. கருப்பைவாயில் ஹெச்பிவி கட்டி இருந்தாலும் இவை இரண்டு.

*கிரானுலோசா செல் கட்டியும் உள்படலமும்.* சினைப்பைக் கட்டி ஈஸ்ட்ரஜன் சுரந்து உள்படலத்தைத் தூண்டும். இரண்டும் திசுவகையிலேயே வேறு, குழப்பம் குறைவு. ஆனால் கிரானுலோசா கட்டி தெரிந்தவருக்கு உள்படலம் பார்க்கப்பட்டதா என்று கேட்க மறக்காதீர்கள்.

*மியூசினஸ் சினைப்பைக் கட்டி.* இரு பக்கமும் இருந்தாலோ, ஒரு பக்கம் என்றாலும் 13 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, குடல்வால், பெருங்குடல், இரைப்பை, கணையம் பக்கம் முதலில் தேடுங்கள். கருப்பைவாயில் இரைப்பை வகை அடினோகார்சினோமாவும் சினைப்பையில் மியூசினஸ் கட்டியும் சேர்ந்தால், உதட்டில் கரும்புள்ளிகள் உண்டா என்று கேளுங்கள். பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்குறியில், அதாவது எஸ்டிகே11 மரபணு மாற்றத்தில், இந்தச் சேர்க்கை வரும்.

7. இம்யூனோ: கேள்வி எழுதிய பிறகே சாயம்

விண்ணப்பத்தில் ஒவ்வொரு சாயத்தின் எதிரிலும் அது பதிலளிக்க வேண்டிய கேள்வியை எழுதுங்கள். கேள்வி எழுத வராத சாயத்தை அடித்துவிடுங்கள்.

ஒரே முல்லேரியன் திசுவில் (கருப்பை, கருக்குழாய் உருவாகும் கருநிலைத் திசுவின் வழி வந்தது) எழுந்த இரண்டு எண்டோமெட்ரியாய்டு கட்டிகளுக்கும் பாக்ஸ்8, ஈஸ்ட்ரஜன் ஏற்பி, சிகே7 எல்லாம் ஒன்றாகவே வரும். அதைக் காட்டி “ஒரே கட்டி” என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மூக்கு இருப்பதைக் காட்டி இருவரும் ஒருவர் என்று சொல்வது போல. இந்தச் சாயங்கள் வெளியிலிருந்து வந்ததை விலக்க உதவும்: இவற்றோடு எஸ்ஏடிபி2, சிடிஎக்ஸ்2 குடலுக்கு, காட்டா3 மார்பகத்துக்கு.

பி53-ஐ “பாசிட்டிவ், நெகட்டிவ்” என்று எழுதாதீர்கள். இயல்பு வகை, 80 சதவீதத்துக்கு மேல் அடர்ந்த கரு சாயம், உள்கட்டுப்பாடு (அருகிலுள்ள இயல்பான செல்களில் சாயம்) இருந்தும் முற்றிலும் இல்லாமை, சைட்டோபிளாசத்தில் சாயம். இந்த நான்கில் எது என்று எழுதுங்கள். ஒரு கட்டியில் முற்றிலும் இல்லாமை, மற்றதில் அடர்த்தி என்றால் வெவ்வேறு மூலம் என்பதற்கு வலு. இரண்டிலும் ஒரே வகை என்றால், அதனால் மட்டும் ஒன்று என நிரூபணமாகாது. பி16 அடர்த்தியாக வந்ததும் ஹெச்பிவி என்று குதிக்கவும் வேண்டாம். சீரஸ் கட்டிகளிலும் அப்படி வரும்.

8. டிஎன்ஏ ஒப்பீடு: எப்போது, எப்படிப் படிப்பது

2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வரிசைப்படுத்தல் செய்து பார்த்தபோது, உடன்நிகழ் எண்டோமெட்ரியாய்டு கட்டிகளில் பெரும்பான்மை ஒரே குளோன் (ஒரே மூலச் செல்லின் வாரிசுகள்) வழி வந்தவை என்று தெரிந்தது. அதாவது மைக்ராஸ்கோப்பில் “தனித்தனி” என்று காலமெல்லாம் எழுதியவற்றில் பெரும்பாலானவை உறவுள்ளவை. ஆனாலும் அந்தப் பெண்கள் பரவிய புற்றுநோய் உள்ளவர்கள் போல நலிவதில்லை; நன்றாகவே இருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: “ஒரே குளோன்” என்ற முடிவு மட்டும் வந்ததும் நோயாளியை மூன்றாம் நிலைக்கு ஏற்றிவிடக் கூடாது. இதைப் புரியாமல் ஆய்வக அறிக்கையை அப்படியே நிலையாக மாற்றும் தவறு இப்போது கூடிவருகிறது. குறைந்த தர இணையில் டிஎன்ஏ ஒப்பீடு பெரும்பாலும் சிகிச்சையை மாற்றாது. அடையாளங்கள் முரண்படும்போதோ, உயர்தரக் கட்டியிலோ, வேறு உறுப்பிலிருந்து வந்ததா என்ற ஐயத்திலோ கேளுங்கள்.

முடிவைப் படிக்கும்போது, பீட்டென், பிஐகே3சிஏ, சிடிஎன்என்பி1, கேராஸ் போன்ற மரபணுக்கள் எண்டோமெட்ரியாய்டு கட்டிகளில் அடிக்கடி ஒரே புள்ளியில் மாறுபவை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே ஹாட்ஸ்பாட் மாற்றம் இரண்டிலும் இருப்பது தற்செயலாகவும் நடக்கும். பல மாற்றங்கள், அதிலும் அரிதானவை, பொதுவாக இருந்தால்தான் உறவு உறுதி. இரண்டு கட்டிகளோடு இயல்பான திசுவையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பிறவி மரபு மாற்றத்தைக் கட்டியின் மாற்றமாக எண்ணிவிடுவீர்கள்.

9. இரண்டு கட்டி என்றால் மரபை விடாதீர்கள்

டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 நான்கு புரதங்களுக்கும் இம்யூனோ, இரண்டு கட்டிகளிலும். ஒன்றில் மட்டும் செய்து திருப்தி அடைய வேண்டாம்; ஒன்று இயல்பாகவும் மற்றது இழப்போடும் வரலாம், அதுவும் தகவல்தான்.

எம்எல்ஹெச்1-உம் பிஎம்எஸ்2-உம் சேர்ந்து இல்லை என்றால் அடுத்து எம்எல்ஹெச்1 தொடக்கிப் பகுதியின் மெதிலேற்றச் சோதனை (வேதி மாற்றத்தால் அந்த மரபணு அணைந்ததா என்று பார்ப்பது). மெதிலேற்றம் இருந்தால் பெரும்பாலும் பரம்பரை சாராதது. எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 இழப்பு என்றால் நேராகப் பிறவி மரபணுச் சோதனைக்கு, எப்கேம் மரபணுவையும் சேர்த்து.

ஒரு பொறி: லின்ச் உள்ளவருக்கு இரண்டு கட்டிகளிலும் ஒரே புரதம் இல்லாமல் போவது இயல்பே, ஏனெனில் இரண்டும் அதே பிறவிக் குறையிலிருந்து தனித்தனியாகத் தொடங்கியிருக்கலாம். ஆகவே ஒரே இழப்பைக் காட்டிப் பரவல் என்று எழுதாதீர்கள். உயர்தர சீரஸ் கட்டியோடு மார்பகப் புற்றுநோய் வரலாறு இருந்தால் பிராக்கா1, பிராக்கா2 மரபணுக்கள் பக்கம் போங்கள்.

10. அறிக்கையும் நிலையும்

இரண்டு முதன்மை என்று முடிவெடுத்தால் இரண்டு முழுமையான அறிக்கைப் பகுதிகள்: ஒவ்வொன்றுக்கும் இடம், திசுவகை, தரம், அளவு, ஊடுருவல், நாளங்கள், தனி நிலை. டிஎன்எம் (கட்டி, நிணநீர்க்கணு, தொலைப்பரவல்) நிலையில் அடைப்புக்குள் “எம்” எழுத்தைச் சேர்ப்பது ஒரே உறுப்பில் பல கட்டிகளுக்கு. இரண்டு உறுப்புகளுக்கு அதைப் போடாதீர்கள்.

ஃபிகோ 2023 உள்படல நிலைப்பகுப்பில் 1ஏ3 என்று ஒரு தனி இடம் இருக்கிறது. மேலே சொன்ன குறைந்த தர இணைக்காகவே உருவானது. நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்: இரண்டும் குறைந்த தர எண்டோமெட்ரியாய்டு, தசையில் பாதிக்கும் குறைவான ஊடுருவல், கணிசமான நாள ஊடுருவல் இல்லை, அதாவது 5 நாளங்களை எட்டவில்லை, சினைப்பை ஒரு பக்கம் மட்டும், உறை உடையவோ ஊடுருவப்படவோ இல்லை, வேறெங்கும் பரவல் இல்லை. ஒன்று தவறினாலும் சினைப்பைப் பரவலாகக் கொண்டு 3ஏ1. இதனால்தான் மூன்றாம் படியில் உறை பற்றி அவ்வளவு கேட்டேன்.

சினைப்பைதான் மூலம், கருப்பையில் இருப்பது அதன் பரவல் என்று தெரிந்தால் சினைப்பை நிலைப்பகுப்பில் 2ஏ.

உறுதி கிடைக்காத வழக்குகள் இருக்கும். “தனித்தனி முதன்மைகள் என்ற பக்கம் சாய்கிறது, காரணம் இவை, எதிராக நிற்பது இது” என்று மூன்று வரியில் எழுதி, டியூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டம்) ஸ்லைடோடு உட்காருங்கள். “தொடர்பறிந்து முடிவு செய்க” என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. அதைப் படிக்கும் மருத்துவருக்குத் தொடர்பு என்ன என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

11. பிறகு வரும் இரண்டாவது கட்டி

ஆண்டுகள் கழித்து வருவதற்கும் இதே வரிசைதான், ஒரே வேறுபாடு: பழைய பிளாக் பக்கத்தில் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பழைய அறிக்கையின் திசுவகைப் பெயர் அந்தக் காலத்து வகைப்பாட்டில் எழுதப்பட்டிருக்கும். இன்றைய பெயரோடு நேராக ஒப்பிட முடியாது. பழைய ஸ்லைடை இன்றைய கண்ணால் மறுபடி படித்து, தேவையானால் அதே சாயங்களைப் பழைய பிளாக்கிலும் புதிய பிளாக்கிலும் ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில் போடச் சொல்லுங்கள். வேறு நாள், வேறு கருவி என்றால் அடர்த்தி வேறுபாடு கட்டியுடையதா, சாயத்துடையதா என்று சொல்ல முடியாது.

பிளாக் தொலைந்துவிட்டது என்ற பதில் வரலாம். அப்படியானால் பழைய அறிக்கையை ஒப்பீட்டுச் சான்றாகப் பயன்படுத்தவில்லை என்பதை அறிக்கையிலேயே எழுதி, இப்போதைய கட்டியின் மண்ணைப் பாருங்கள்: பக்கத்தில் முன்நிலைப் புண் இருக்கிறதா, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா, நாளங்களில் என்ன இருக்கிறது.